மையா, மீயா? ஓர் உருபு ஆராய்ச்சி

‘நான் தாமதமாக வந்ததைப் பொறுத்தருள்க’ என்று ஆங்கிலத்தில் சொல்ல விழைவோன், ‘கமிங்’ என்னும் ஜெரண்டுக்கு, அதாவது தொழிற்பெயருக்கு, முன் ‘மை’ போடுவதா, ‘மீ’ போடுவதா என்று வாசலிலேயே நின்று யோசிக்கிறான். அதனால் இன்னும் தாமதமாகிறது. ஈண்டு ஆராயப்புகும் சிக்கல் இதுவே.

மை ஆறாம் வேற்றுமை. மீ இரண்டாம் வேற்றுமை. மைக்கட்சியார்க்கு வருகை என்பது குடை, செருப்பு போல வந்தவனின் உடைமை. மன்னிக்க வேண்டியது அதைத்தான், ஆளை அன்று. மீக்கட்சியாரோ ஆளையும் வருகையையும் ஒரே மூட்டையாகக் கட்டி மன்னிப்புக்கு அனுப்புகிறார்கள்.

அம்மூட்டைக்கு ‘ஃப்யூஸ்டு பார்ட்டிசிப்பிள்’ என்று பெயரிட்டவர்கள் ஃபவுலர் சகோதரர்கள். நூல், 1906-இல் வந்த ‘தி கிங்ஸ் இங்கிலிஷ்’. அண்ணன் ஹென்றி ஃபவுலர் 1926-இல் ‘மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்’ நூலிலும் அதை விரட்டினார். எதிர்த்து எழுந்தவர் டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன். டேனியர் இங்கிலாந்தின்மேல் படையெடுப்பது புதிதன்று. இம்முறை வாளுக்குப் பதில் எடுத்துக்காட்டுகள். நல்ல எழுத்தாளர்களே நெடுங்காலமாக அம்மூட்டையைக் கட்டிவருவதை அவர் எடுத்துக்காட்ட, 1927-இல் ஃபவுலர் மறுப்பு எழுதினார். ஓர் உருபுக்காக இருவரும் செலவிட்ட மை கணக்கிலடங்காது.

இனித் தடைவிடை. ‘இது நடக்க வாய்ப்பில்லை’ என்பதை ‘ஹேப்பனிங்’ போட்டுச் சொல்லிப் பார்க்க. ‘திஸ்’ஸுக்கு உடைமை வடிவமே இல்லை, மைக்கட்சி இங்கே வாயடைக்கும். ‘நான் வந்தது அவருக்கு எரிச்சலூட்டியது’ என்பதை ‘மீ’ வைத்துத் தொடங்குக; செவி சுளிக்கும். ஆகவே இரு கட்சிக்கும் தலா ஒரு தோல்வி.

ரென்–மார்ட்டின் இலக்கணம் கோலோச்சிய நம் வகுப்பறைகளில் மைக்கே வெற்றி. மீ எழுதியவனுக்குக் கிடைத்ததும் மைதான், சிவப்பு.

தமிழ் இவ்வழக்கில் சேரவே இல்லை. ‘நான் வந்தது’ என்று ஆளை எழுவாயாக நிமிர்ந்து நிற்கவிடும். மன்னிப்பென்றால் ‘நான்’கூட வேண்டாம், ‘தாமதமானதை மன்னிக்கவும்’ போதும். குற்றம் இருக்கும், குற்றவாளி இரான்.

முடிபு: மையைத் தமிழாக்கினால் ‘என்’, மீயைத் தமிழாக்கினால் ‘என்னை’. பழைய உரைகாரர் நடையில் இரண்டுக்கும் ‘யாது காரணம்?’ என்றும் பொருளுண்டு. எனவே ஆய்வு தொடங்கிய கேள்விக்கே வந்து சேர்ந்தது, சற்றுத் தாமதமாக.