விதைநெல்லும் விமானமும்

வாங்க மருமகனே, திண்ணையில உட்காருங்க. குட்டித் தீவு நாடுங்க எப்படிப் பொழைக்கணும்னு எண்பது பக்கம் எழுதுறீங்களாமே! கம்மாக்கரையைத் தாண்டாத கிழவன் நான். இருந்தாலும் யோசனை சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.

சீக்கிரமா நொடிச்சுப் போக வழி கேட்டா நவ்ருவைத்தான் காட்டுவேன். பசிபிக் கடல்ல 21 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான் நாடு. மண்ணெல்லாம் பாஸ்பேட், உரத்துக்கு அதுதான் மூலப்பொருள். வெள்ளைக்காரன் அறுபது வருஷம் சல்லிசா அள்ளிட்டுப் போனான். 1968-ல சுதந்திரம் வந்துச்சு, ரெண்டு வருஷத்துல சுரங்கமும் கைக்கு வந்துச்சு, காசு கொட்டுச்சு. கொட்டுனா சும்மா இருக்க முடியுமா? மெல்போர்ன்ல 52 மாடிக் கட்டடம். பத்தாயிரம் சனத்துக்குச் சொந்தமா போயிங் விமானங்கள். தீவைச் சுத்துற ரோடே 19 கிலோமீட்டர்தான், ஆனா கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல? 1993-ல லண்டன்ல டா வின்சியைப் பத்தின பாட்டு நாடகத்துக்கும் மொய் எழுதினாங்க. சில வாரத்துல கொட்டகை காலி.

விதைநெல்லைக் குத்திச் சோறாக்குனா அடுத்த போகத்துக்கு எதை விதைக்க? 2004-ல 52 மாடியும் விலை போச்சு. 2005 கடைசியில மிஞ்சியிருந்த ஒத்தை விமானத்தையும் கடன்காரன் புடிச்சுட்டுப் போயிட்டான். தோண்டின இடத்துல சுண்ணாம்புக்கல் ஈட்டி ஈட்டியா நிக்குது, ஆடுகூட மேயாது.

இப்போ கிரிபட்டிக்கு வாங்க. அங்க பனாபா தீவுலயும் அதே பாஸ்பேட்தான். அந்தத் தீவுச் சனத்தை 1945-ல ஃபிஜிக்குக் கப்பலேத்துன பாவம் தனிக் கணக்கு. ஆனா 1956-லயே வருமானத்துல ஒரு பங்கைத் தனி நிதியில ஒதுக்கிட்டாங்க. 1979-ல சுரங்கம் மூடுச்சு, அந்த வருஷமே சுதந்திரமும் வந்துச்சு. மண்ணு தீர்ந்துருச்சு, நிதி இன்னிக்கும் இருக்கு.

கெட்டும் பட்டணம் சேருங்கிறாங்களே, நவ்ரு கெட்டும் ஒரு நல்லதுக்குப் பேரைக் குடுத்திருக்கு. 1982-ல மீன்பிடிக்காகப் போட்ட நவ்ரு ஒப்பந்தத்துல இப்போ எட்டு நாடுங்க. நம்ம கம்மா மீன் ஏலத்துல கரைக்கொரு ஆளு தனித்தனியா விலை பேசுனா குத்தகைக்காரன் பாடு கொண்டாட்டம், இல்லையா? அங்க எட்டுப் பேரும் ஒரே விலை சொல்றாங்க. சூரை மீனை எடை போட்டு விக்கல, வலை வீசுற நாளை விக்கிறாங்க. வருஷத்துக்கு இத்தனை நாள்தான்னு கட்டு. பெரிய வலைக்கப்பல்னா ஒரு நாளைக்குக் குறைஞ்சது 8,000 டாலர். மீன் பட்டாலும் காசு, படாட்டாலும் காசு. கடலும் காலியாகாது.

அம்புட்டுதான் மருமகனே: தீர்ற சொத்தோட காசைப் பூட்டி வை, தீராததைக் கூட்டா வாடகைக்கு விடு. மீதி எழுபத்தொன்பது பக்கத்தை உங்க வாத்தியாருக்காக நிரப்பிக்கோங்க.

அது கிடக்கட்டும். மேற்க வித்த ரெண்டு ஏக்கர் காசுல மச்சான் புதுக் காரு பேசுறாராமே? தீவுகளை அப்புறம் கரையேத்தலாம். முதல்ல அந்தக் காசைப் பேங்குல போடச் சொல்லுங்க.