தலையில்லாத நவாபுக்கு டிக்கெட் கிடையாது

எகிப்தில் ராஜாக்களின் பள்ளத்தாக்கில் இறங்க ஒரு டிக்கெட், துத்தன்காமன் கல்லறையை எட்டிப் பார்க்க இன்னொரு டிக்கெட். திருச்சியில் அந்தச் செலவே இல்லை. மதுரை ரோட்டில் நத்தர்ஷா பள்ளிவாசல் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஒரே வளாகத்தில் இரண்டு நவாபுகளின் சமாதி: சந்தா சாகிப், முகமது அலி வாலாஜா. இந்த ஊர் எனக்குத்தான் என்று ஜென்மப் பகையாக அடித்துக்கொண்டவர்கள். கூட்டம் வருவதென்னவோ இவர்களைப் பார்க்க அல்ல. ராஜ்யமே வேண்டாம் என்று துறந்து வந்ததாகச் சொல்லப்படும் சூஃபி ஞானி நத்தர்வலியிடம் வேண்டிக்கொள்ள.

சந்தா சாகிப்புக்குத் தலை கிடையாது. துத்தன்காமனுக்கும் அந்தக் கதிதான். ஆனால் அவர் தலையை ஆராய்ச்சிக்காரர்கள் தனியே எடுத்தது 1925-இல், அவர் செத்து மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து. நம்மவர் விஷயத்தில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை.

வாரிசில்லாமல் நாயக்க மன்னர் போய்ச் சேர, ராணி மீனாட்சி திருச்சியில் ஆண்டுகொண்டிருந்தார். பங்காளிகள் சண்டை. பஞ்சாயத்துப் பண்ண வந்தவர்தான் சந்தா சாகிப். குர்ஆன் மேல் கைவைத்து, “உங்களுக்கு ஒரு குறையும் வராது” என்று சத்தியம் செய்தார். பட்டுத்துணிக்குள் இருந்தது வேதமல்ல, செங்கல் என்பது கதை. 1736-இல் கோட்டை அவர் கைக்குப் போனது. ராணி நஞ்சு குடித்துச் செத்தார்.

செங்கல் அஸ்திவாரம் ஐந்து வருஷம் தாங்கியது. 1741-இல் மராட்டியர் வந்து, பஞ்சாயத்துக்காரரையே பிடித்துக்கொண்டு போய்ச் சதாராவில் அடைத்தார்கள். வெளியே வந்தவர் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து, 1749-இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீனைத் தீர்த்துக்கட்டினார். மகன் முகமது அலி தப்பி ஓடிவந்து திருச்சிக் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உதவிக்கு ஆங்கிலேயர், தஞ்சாவூர், மைசூர், மராட்டிய முராரி ராவ் என்று ஊரே திரண்டது.

சந்தா சாகிப்போடு சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லா, 1752-இல் ஒரு யோசனை செய்தார். முற்றுகையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் போய்விடலாம். ஒருபுறம் காவிரி, ஒருபுறம் கொள்ளிடம், கோயிலுக்கு ஏழு மதில், எவன் வருவான்? ஒருவனும் வரவில்லை. சோறும் வரவில்லை. சமயபுரத்தில் ஆங்கிலேயரின் கிளைவ் உட்கார்ந்து வடக்குப் பாதையை அடைத்துவிட்டார். லா சரணடைந்தபோதும் கோயிலில் இருந்த ராஜபுத்திர வீரர்கள் மட்டும் அசையவில்லை. மூன்றாம் மதிலைத் தாண்டி எவனாவது காலெடுத்து வைத்தால் வெட்டுவோம் என்றார்கள். ஜெயித்த வெள்ளைக்காரர்கள், “சரி, வரவில்லை” என்று ஒப்புக்கொண்டார்கள்.

சந்தா சாகிப் வேறு வழி தேடினார். தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் தப்பிக்கப் பேரம். மானோஜியும் சத்தியம் செய்தார். நம்பிப் போனவரைப் பிடித்துக் கட்டிப்போட்டார். கைதி யாருக்கு என்று கூட்டாளிகள் நால்வரும் மல்லுக்கு நிற்க, மானோஜி தலையைச் சீவி வழக்கை முடித்தார். செங்கல் சத்தியம் நடந்த அதே தளவாய் மண்டபத்தில்தான் என்று சொல்வதுண்டு.

தலை முகமது அலிக்குப் போனது. எதிரியின் முகத்தை அவர் பார்த்ததே அப்போதுதானாம். பிறகு அதை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி, கோட்டையை ஐந்து சுற்று சுற்றவிட்டு, பெட்டியில் வைத்து, டெல்லிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். முண்டம் திருச்சியோடு நின்றது.

இத்தனைக்கும் நடுவில் முகமது அலியும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்தால் திருச்சி முதல் கன்னியாகுமரி வரை மைசூருக்கு என்று. மைசூர்க்காரர் நஞ்சராஜர் வந்து கேட்டபோது, “ஊர் டெல்லி பாதுஷாவுடையதாயிற்றே, நான் எப்படிக் கொடுப்பது?” என்றார். பாதுஷாவின் ஊர் என்பது வாக்குக் கொடுக்கும்போது நினைவில்லை. நஞ்சராஜர் 1755 வரை ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

இந்த ஆட்டத்தில் சத்தியம் எதுவும் கேட்காத ஒரே கோஷ்டி வெள்ளைக்காரர்கள்தான். அவர்கள் வட்டி போட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார், வாலாஜா என்று பட்டம் வாங்கினார், கும்பினிக்காரர்களிடம் கடனுக்கு மேல் கடன் வாங்கினார். 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து அந்தக் கடனைப் பற்றியே ஒரு நீண்ட பிரசங்கம் செய்யும்படி ஆயிற்று. 1795-இல் நவாப் சென்னையில் காலமானார். உடல் திருச்சிக்கு வந்தது, பழைய எதிரி படுத்திருக்கும் வளாகத்துக்கே. 1801-இல் நவாபின் ராஜ்யமாயிருந்த கர்நாடகம் மொத்தமும் கும்பினி கைக்குப் போனது.

பாரோவின் கல்லறையைத் திறந்தால் சாபம் பிடிக்கும் என்று எகிப்தில் பயமுறுத்துவார்கள். இங்கே அந்தப் பயம் வேண்டாம். திறந்தாலும் வெளியே வரப்போவது கடன் பத்திரம்தான்.