ஜிம்மியின் தகப்பன்

ரொறொன்ரோவில் டிசம்பர் பிறந்துவிட்டால் வெளியே நடமாடுகிறவர்கள் இரண்டே சாதி. வீட்டு வாசலில் ஸ்னோ வழிக்கிறவர்கள் ஒன்று. நாய் வளர்க்கிறவர்கள் மற்றது. முதல் சாதிக்கு விமோசனம் உண்டு. காசு கொடுத்தால் மெஷினோடு ஒரு பையன் வந்து வழித்துத் தள்ளிவிட்டுப் போவான். இரண்டாவது சாதிக்கான மெஷின் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

எங்கள் வீட்டு நாய், மகள் மூன்று சத்தியம் செய்து கொண்டுவந்தது. சாப்பாடு வைப்பேன், குளிப்பாட்டுவேன், காலையும் மாலையும் உலாத்துவேன். மூன்றும் கோடையில் செய்த சத்தியங்கள். நாய்க்கு நவீனமாக ஒரு பெயர் வைக்க அவள் ஆசைப்பட்டாள். அம்மா விடவில்லை. ஊரில் எங்கள் வளவில் நின்ற நாய்கள் எல்லாம் ஜிம்மிதான். ஒரு ஜிம்மி போனால் அடுத்த ஜிம்மி வரும். ஆகவே இவனும் ஜிம்மியானான்.

ஸ்காபரோவில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. அதைப் பூங்கா என்று சொல்வதற்கே தாராள மனம் வேண்டும். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கி, ஒரு வாங்கு, நாலைந்து மேப்பிள் மரம். கோடையில் அந்த வாங்கில் ஊர்ப் பெரியவர்கள் இருந்து இலங்கைப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஸ்னோ விழுந்ததும் பிரச்சினை தீராமலே வீட்டுக்குள் போய்விடும். அதன்பிறகு சித்திரை வருஷப்பிறப்பு மட்டும் பூங்கா ஜிம்மிக்குச் சொந்தம். நான் அவனுடைய வாரின் மற்ற நுனி.

வெளிக்கிடுவதே ஒரு திருவிழா. உள்ளே லோங் ஜோன்ஸ், அதற்கு மேலே ஜீன்ஸ், இரண்டு சோடி காலுறை, ஸ்வெற்றர், முழங்கால் வரை கோட், கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப், தலைக்குக் கம்பளித் தொப்பி. கண் மட்டும் வெளியே தெரியும். இவ்வளவும் போட்டு முடிந்த பிறகு, குனிய முடியாத அந்த உடம்போடு குனிந்து, ஜிம்மிக்குச் சப்பாத்துப் போட வேண்டும். நாலாவது சப்பாத்தைக் கையில் எடுக்கும்போது முதலாவதைக் கழற்றி வாயில் வைத்திருப்பான்.

அம்மா சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. "நாங்கள் எட்டாம் வகுப்பு மட்டும் வெறுங்காலோடதான் பள்ளிக்கூடம் போனனாங்கள். உவருக்கு நாலு சப்பாத்து!"

அம்மாவின் கட்சியிலும் நியாயம் உண்டு. நாயின் பாதத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த யப்பானிய விஞ்ஞானிகள் அதற்குள் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கண்டார்கள். பாதத்துக்கு இறங்கும் சூடான இரத்தமும் அங்கிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதிடம் கொடுத்துவிடுகிறது. உடம்பின் சூடு வீணாவதில்லை, பாதமும் உறைவதில்லை. பென்குயின் கால்களிலும் இதே ஏற்பாடுதான். ஆகவே குளிருக்காக ஜிம்மிக்குச் சப்பாத்துத் தேவையில்லை. தேவைப்படுவது, ஐஸ் உருகுவதற்காக நடைபாதையெல்லாம் கொட்டிவைத்திருக்கும் உப்புக்கு. அது விரலிடுக்கில் புகுந்து எரியும். நக்கினால் வயிற்றைக் கலக்கும். குளிர் ஆண்டவன் தந்தது, சமாளிக்கும் வழியையும் சேர்த்தே தந்தான். உப்பு மனிசன் தந்தது. அதற்குச் சப்பாத்தையும் மனிசன்தான் வாங்க வேண்டும்.

வானொலியில் வெப்பநிலை சொல்லும்போது, "மைனஸ் 12, காற்றோடு சேர்த்தால் மைனஸ் 20" என்பார்கள். இந்தக் காற்றுக் கணக்கை 2001இல் புதிதாக்கினார்கள். அதற்கான பரிசோதனை நடந்தது இதே ரொறொன்ரோவில்தான். குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்துக்குள் ஆட்களை நடக்கவிட்டு, முகத்திலிருந்து சூடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். கணக்கில், மனிதன் மணிக்கு 4.8 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் ஒருவரும் நாய் கொண்டுபோகவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஜிம்மியோடு போனால் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போவதற்குள் சுப்ரபாதம் முழுதையும் சொல்லி முடிக்கலாம். குளிரில் மணங்கள் எளிதில் ஆவியாகி எழும்புவதில்லை. அதனால் அவனே கண்வரை ஸ்னோவுக்குள் முகத்தைப் புதைத்துத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடி எடுத்த மணத்தை யோசிக்கவும் அவனுக்கு நேரம் வேண்டும்.

இதெல்லாம் முன்னுரை. வந்த காரியம் இனித்தான் தொடங்கும்.

செக் நாட்டு ஆய்வாளர்களும் ஜேர்மன் ஆய்வாளர்களும் சேர்ந்து இரண்டு வருஷமாக 70 நாய்களைப் பின்தொடர்ந்து, அவை மலம் கழித்த 1,893 தடவைகளைக் குறித்துவைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்குத் தெற்காக நிற்பதையே விரும்புகின்றன என்பது 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. அடுத்த வருஷம் இதற்கு இக் நோபெல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. என்னைப் பொறுத்தவரை முறை தலைகீழ். மைனஸ் 20இல் நின்று யோசிக்கிறேன். சிரிப்பு வருவதற்குள் உதடு விறைத்துவிடுகிறது. ஜிம்மி ஒரு சுற்றுச் சுற்றுவான், குந்தப் போவான், திசை பிழைத்தது என்று எழும்புவான். மறுபடி சுற்றுவான். வீட்டுக்கு நிலையம் பார்க்க வந்த சாத்திரியார்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

பிறகு என் முறை. கையுறையைக் கழற்றாமல் அந்தப் பிளாஸ்ரிக் பை வாய் திறக்காது. கழற்றினால் விரல் சொல்வழி கேட்காது. நகரத்தின் சட்டம் தெளிவானது: வார் இரண்டு மீற்றருக்கு மேல் நீளக்கூடாது, கழிவை அள்ள வேண்டும், நாய்க்கு லைசென்ஸ் எடுத்து அதன் தகட்டைக் கழுத்தில் மாட்ட வேண்டும். அள்ளியதை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் கழிவு போடுகிற பச்சைத் தொட்டியிலேயே போடலாம். நான் பையும் கையுமாக வருவதை அம்மா யன்னலால் பார்த்துவிட்டா. "எங்கட பரம்பரையில உந்த வேலை ஒருத்தரும் செய்யேல்லை. உன்னைப் படிப்பிச்சது உதுக்கோ?"

ஆனாலும் இந்தப் பூங்கா எனக்கு ஒரு சமூகத்தைத் தந்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே ஐந்தாறு பேர் கூடுவோம். டியூக்கின் அப்பா, மோச்சாவின் அம்மா, பெய்லியின் தாத்தா. மனிதர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. டியூக் மெலிவதற்காகப் பூசணிக்காய் சாப்பிடுகிறான் என்பது தெரியும். மோச்சாவின் பல் பிடுங்க எவ்வளவு முடிந்தது என்பது தெரியும். என் முழுப்பெயரை இந்த நாட்டில் ஒரு வரவேற்பு மேசையிலும் சிக்கெடுக்காமல் வாசித்ததில்லை. இங்கே நான் 'ஜிம்மிஸ் டாட்'. எல்லோர் வாயிலும் பிழையில்லாமல் வருகிறது. ஊரிலும் அப்பாவைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. "பெரியவன்ர தேப்பன்" என்றுதான் சொல்வார்கள். அந்த மரியாதை எனக்கு இத்தனை கடல் தாண்டி, நாலு காலில் வந்து சேர்ந்திருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் உவருக்கு அப்பம்மாவோ?" என்று சீறினா. அடுத்த நாள் காலையில் ஜிம்மியின் கோப்பையில் இடியப்பம் கிடந்தது.

போன தை மாதம் ஜிம்மிக்குப் பாதம் ஐஸில் வெட்டுப்பட்டது. சில நாளைக்கு வெளியே விடவேண்டாம் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். பழகிய கால் சும்மா இருக்குமா? ஏழு மணிக்கு நான் தனியே பூங்காவுக்குப் போய் ஊஞ்சலடியில் நின்றேன். டியூக் ஓடிவந்து என் கையுறையை மணந்து வாலாட்டினான். அவனுடைய அப்பா வாரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மோச்சாவின் அம்மா கைத்தொலைபேசியை வெளியே எடுத்தா. யோசித்துப் பார்த்தால் அவர்களிலும் பிழையில்லை. விடியாத காலை, உறைகிற குளிர், சிறுபிள்ளைகளின் ஊஞ்சலடியில் முகத்தை மூடிய ஒரு மனிதன், கையில் நாயும் இல்லை. நான் ஸ்கார்ஃபை இறக்கி முகத்தைக் காட்டினேன். பலனில்லை, அந்த முகத்தை அவர்கள் முன்பு கண்டதே கிடையாது.

"ஜிம்மியின் தகப்பன்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

அவ்வளவுதான். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஜிம்மிக்கு என்ன? காயம் ஆழமா? தையல் போட்டதா? சாப்பிடுகிறானா? நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா ஜிம்மியின் காலுக்குக் கட்டுப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தா.

"அவன்ர லைசென்ஸ் தகடு உங்க மேசையிலதான் கிடக்குது. அவனுக்குக் கால் மாறுமட்டும் அதை உன்ர கழுத்தில கட்டிக்கொண்டு போ."