எடை மெஷின் அவர்களின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்: ஓய்வு பெற்ற பாய்லர் ஃபிட்டர், மலைக்கோயில் அடிவாரம், திருவெறும்பூர்.

பெறுநர்: உயர்திரு எடை மெஷின் அவர்கள், டயாலிசிஸ் பிரிவு வாசல்.

பொருள்: உடம்பு காணாமல் போனது – புகார் அளிப்பது தொடர்பாக.

ஐயா,

வாரத்துக்கு மூன்று தடவை செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கள் மீது ஏறி நிற்பவன் எழுதுவது. டாக்டர் மாறுவார், டெக்னீஷியன் மாறுவார். நிரந்தர உத்தியோகம் தங்களுக்கு மட்டும்தான். தாங்கள் காட்டும் எண்ணில், தேங்கிய தண்ணீர் போன பிறகு இருக்க வேண்டிய எடையான ‘ட்ரை வெயிட்’டைக் கழித்தால் மிச்சம் தண்ணீர். நாலு மணி நேரத்தில் அதை இழுத்துவிட்டால் அன்றைய நிர்வாகம் இனிதே முடிந்தது. எங்கள் ஊர் எறும்பீசர், எறும்பாக வந்த தேவர்கள் ஏற முடியாமல் வழுக்குவதைப் பார்த்துத் தானே சற்றுச் சாய்ந்துகொடுத்தவர். தங்களிடம் அந்தப் பலவீனம் எதுவும் கிடையாது.

எனக்கு ட்ரை வெயிட் 62 என்று தீர்ப்பாகியிருக்கிறது. ஆடியிலும் 62, தையிலும் 62. இடையில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டாயிற்று, மோதிரம் கழன்று விழுந்தது, கணுக்கால் மட்டும் புஷ்டியாயிற்று, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. சதை காலி செய்த இடத்தில் தண்ணீரைக் குடிவைத்துக் கணக்கை நேர் செய்திருக்கிறீர்கள். எந்த ஆடிட்டரும் குற்றம் சொல்ல முடியாது.

பெல் ஆலையில் பாய்லர் குழாய் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரோடு பாய்லரைத் தூக்கித் தராசில் வைத்ததில்லை. குழாயின் சுவர்க்கனத்தை அளந்தோம். இரும்புக்குக் கிடைத்த அந்த மரியாதையைக் கேட்பது பேராசை என்றால் மன்னிக்கவும்.

துவாக்குடி பஸ்ஸில் பார்த்த பழைய கூட்டாளி, “என்னய்யா பாதியா ஆயிட்ட? சாப்பிடுறியா இல்லியா?” என்றான். படிக்காத பேச்சு என்று தள்ள வேண்டாம். மருத்துவ உலகம் 1987-இலேயே எழுதிவைத்த எஸ்.ஜி.ஏ. என்னும் ஊட்டச்சத்து மதிப்பீட்டு முறையும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. எடை எப்படி மாறியது, சாப்பாடு குறைந்ததா, குமட்டலா, நடமாட்டம் எப்படி? பிறகு கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, காறை எலும்பு துருத்துகிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்கிறதா. கூட்டாளி பஸ் நிற்பதற்குள் முடித்துவிட்டான். ‘ஆல்புமின்தான் பார்க்கிறோமே’ என்று லேப் சீட்டை நீட்டுவார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலே அது இறங்கிவிடும். அதன் சாட்சியை மட்டும் நம்பி வழக்கை முடிக்க முடியாது.

அடுத்தது தடை உத்தரவுகள். டயாலிசிஸுக்கு முன்னால் கிலோவுக்கு 0.6 கிராம் அளவில் புரதம் என்று வாயைக் கட்டினார்கள். சரி, கிட்னியைக் காப்பாற்ற. டயாலிசிஸ் தொடங்கினால் கதை தலைகீழ். அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டுதல் 1.0 முதல் 1.2 கிராம் வரை என்கிறது. என் எடைக்கு நாளொன்றுக்கு 62 முதல் 74 கிராம். ஒவ்வொரு தடவையும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் கழிவோடு சேர்ந்து போய்விடுகிறதே, அதையும் ஈடுகட்ட வேண்டாமா? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலோ இன்னும் புரதத்தைக் குறைக்கச் சொன்ன பழைய தாள்தான் ஒட்டியிருக்கிறது. வாழைப்பழத்துக்காக நான் வாதாடவில்லை. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று தெரியும். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிற திருச்சியில் பூவன் தாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி நடக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு என்ன பாவம் செய்தது? ‘சாப்பிடாதே’ என்று சொல்ல ஊரே இருக்கிறது. ‘என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்கத்தான் ஆளில்லை.

டயாலிசிஸ் தொடங்கி 90 நாளுக்குள் ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊட்டச்சத்து நிலையை முழுதாகப் பார் என்கிறது அதே வழிகாட்டுதல். கைப்பிடி வலுவை அளக்கலாம். டயாலிசிஸ் ஊசி குத்தும் ஃபிஸ்டுலா இல்லாத கையில், தண்ணீர் எடுத்து முடித்த பிறகு, புஜத்தின் சுற்றளவை எடுக்கலாம். தங்கள் அதிகாரத்துக்கு இதனால் பங்கம் வராது. சதை குறைந்தது தெரிந்தால் 62-ஐ இறக்கித் திருத்திய தீர்ப்பைத் தாங்களே வழங்கலாம்.

செலவைக் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். இன்ச் டேப் எங்கள் தெரு டெய்லரிடம் கேட்டு வாங்கிவிட்டேன், வியாழக்கிழமை கொண்டுவருகிறேன். அதைப் பிடிக்க ஒரு டயட்டீஷியனைத் தாங்கள் ஏற்பாடு செய்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் ஏட்டில் 62 கிலோ