பெட்டி வைக்க வருகிறவர்

சித்திரைக் கடைசியில், அக்கினி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கும் பகல் வேளையில், அம்பத்தூரிலிருந்து கிண்டி வரைக்கும் பைக்கில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கும் மனிதர் ஒருவர், தோள்பையைத் திறந்து கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து உதறி மாட்டிக்கொள்வாரானால், அவருடைய சித்த சுவாதீனத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர் ரூமுக்குள் மின்னஞ்சல் பாதுகாப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்துவதற்காக அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இந்த வர்க்கத்தாரை நான் நெடுநாளாகப் பிரியத்தோடு கவனித்து வருகிறேன். வயது முப்பதுக்குச் சற்று இப்பாலோ அப்பாலோ இருக்கும். காலையில் இட்டுக்கொண்ட விபூதி ஹெல்மெட்டில் பாதியும் நெற்றியில் மீதியுமாகப் பங்கிடப்பட்டிருக்கும். உத்தியோகப் பெயர் இம்ப்ளிமென்டேஷன் என்ஜினியர். பெட்டியை விற்றவர் இவரல்லர். அவர் டை கட்டியவர், ஏசி காரில் வந்தவர், திரையில் வர்ணப் படங்களைக் காட்டி, இனி ஒரு பொய் மெயில்கூட உள்ளே நுழையாது என்று அபயம் அளித்துவிட்டு, பர்சேஸ் ஆர்டரை வாங்கிக்கொண்டு போனவர். அந்த அபயத்தை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நிறைவேற்ற வேண்டிய கர்மம் மட்டுந்தான் இவருடையது. எல்லா யந்திரங்களுக்கும் இவர் அகராதியில் ஒரே பெயர்: பாக்ஸ். ஃபயர்வாலும் பாக்ஸ், சர்வரும் பாக்ஸ், மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம் இருப்பதும் பாக்ஸ். எந்தப் பாக்ஸைச் சொல்கிறார் என்பதைச் சமய சந்தர்ப்பத்தைக் கொண்டு நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சோதனை கேட்டிலேயே காத்திருக்கும். செக்யூரிட்டி அண்ணன் லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சீரியல் நம்பரைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ரிஜிஸ்தரில் எழுதுவார். பூஜ்யமா ‘ஓ’ என்ற எழுத்தா என்ற விசாரணையிலேயே ஐந்து நிமிஷம் கழியும். பிறகு அட்டைப் பெட்டியின்மேல் பார்வை திரும்பும்.

“இது ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?”

“இங்கயேதாண்ணே இருக்கப் போகுது.”

“அப்ப சலான் வேணுமே, தம்பி.”

“சலான் கூரியர்ல வந்திருக்கும்ணே.”

“வரலையே.”

உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி விசாரிக்கும் யந்திரத்தைச் சுமந்து வந்தவர், தாமே வாசலில் நிறுத்தி விசாரிக்கப்படுகிறார். இந்த விநோதத்தை ரசிக்கிற மனநிலை அவருக்கு அப்போது இராது; பெட்டி பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது, அதைக் கீழே வைக்கவும் மனம் வராது.

ஒருவழியாகச் சர்வர் ரூமுக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, குளிரும் இரைச்சலும் ஏககாலத்தில் முகத்தில் அறைய உள்ளே நுழைகிறார். ரேக்கின் கதவில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. அந்த அலமாரியின் உயரத்தை ‘யூ’ என்ற அளவால் கணக்கிடுவார்கள். ஒரு யூ என்பது ஒன்றேமுக்கால் அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். 42 யூ உயரமுள்ள ரேக்கில் நம்மவருக்கு வேண்டியது ஒரே ஒரு யூ. காலியாக இருப்பதாக மெயிலில் எழுதி உறுதி செய்யப்பட்ட அந்த இடத்தில், எந்தக் காலத்திலோ செத்துப்போன மோடம் ஒன்று, ‘யாரும் தொடாதீர்கள்’ என்ற காகிதத்தை ஒட்டிக்கொண்டு சயனித்திருக்கும். அதை எடுக்கலாமா என்று கேட்டால், அந்தக் காகிதத்தை ஒட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எடுத்தால் என்ன நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது என்பதே கம்பெனி சிஸ்டம் அட்மின் தரும் பதில். ஆகவே மோடம் இருந்த இடத்தில் இருக்க, பெட்டி அதற்குக் கீழே போகிறது.

இனி வருவது கேஜ் நட் படலம். ரேக்கின் செங்குத்தான கால்களில் சதுர சதுரமாகத் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையிலும், வில்லுத் தகட்டால் ஆன கூண்டுக்குள் அடைபட்ட மறை ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து பொருத்தினால்தான் முன்பக்கத்திலிருந்து திருகாணி ஏறும். கூண்டின் ஒரு காதைத் துளைக்குள் நுழைத்துவிட்டு, மற்றக் காதைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். இதற்கென்றே ஒரு கொக்கி உண்டு. அது அம்பத்தூர் ஆபீஸ் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. நம்மவர் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு நெம்புகிறார். ஸ்க்ரூ டிரைவர் வழுக்குகிறது, மறை ‘டிக்’கென்று துள்ளி, ரேக்கின் அடியில், எவர் கையும் எட்டாத இருட்டில் போய் விழுகிறது, கட்டை விரல் நகக்கண்ணில் ரத்தம் எட்டிப்பார்க்கிறது. இவ்வளவு பாடுபட்டு நான்கு மறைகளையும் ஏற்றிவிட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தால் திருகாணி துளைக்கு நேரே வராது. ஒரு யூவுக்கு மூன்று துளைகள் என்றாலும் அவை சம தூரத்தில் இல்லை என்பதும், எண்ணும்போது ஒரு துளை தவறினால் அடுத்த யூவுக்கும் சேர்த்து இடையூறு என்பதும் இவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு துளை தவறும். இந்த அளவுகளை வகுத்த மேதைகள் தம் கையால் ஒரு பெட்டியையேனும் பொருத்திப் பார்த்தார்களா என்பது என்னுடைய நீண்டநாள் சந்தேகம்.

ரத்தம் பார்த்த பிறகுதான் நம்மவருக்குப் பேச்சு வரும். நகக்கண்ணில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டே, அட்மினுக்குத் தம் தொழிலின் பூர்வோத்தரத்தை எடுத்துரைப்பார். 1978 மே 3-ஆம் தேதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர், தங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று ஆர்ப்பாநெட் என்ற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வலையில் சுமார் நானூறு பேருக்கு ஒரே வீச்சில் அழைப்பு அனுப்பிவைத்ததில் ஆரம்பித்ததாம் இந்த உபத்திரவம். 1982-ல் ஜான் போஸ்டல் மின்னஞ்சல் போக்குவரத்துக்கு விதி எழுதியபோது, அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். அனுப்புகிறவர் தம் பெயரை மெய்யாகத்தான் சொல்கிறாரா என்று சோதிக்க வேண்டுமென்று அந்தச் சத்புருஷர்களுக்குத் தோன்றவே இல்லை. “அன்னைக்கு அவங்க நம்பினாங்க சார், இன்னைக்கு நாம பாக்ஸ் வைக்கிறோம்” என்பார். நம்பிக்கைக் குறைவு நல்ல வியாபாரமாகவும் ஆயிற்று. 2000-ல் தொடங்கிய ஐயர்ன்போர்ட் என்ற பெட்டிக் கம்பெனியை 2007-ல் சிஸ்கோ 83 கோடி டாலருக்கு விலை பேசிற்று என்று சொல்லும்போது, அந்தத் தொகையில் தமக்கும் ஏதோ பாத்தியதை இருந்து கைநழுவிப் போனதுபோல ஒரு பெருமூச்சு விடுவார்.

பெட்டி செய்கிற வேலைதான் என்ன? கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை அறிந்தவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டமில்லை. படியேறுகிறவனைப் பாட்டி முதலில் எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்கிறாள்; கெட்ட பெயர் எடுத்த ஊர் என்றால் அதோடு சரி, பேச்சே கிடையாது. நல்ல ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த வீட்டார் ‘எங்கள் சமாசாரத்தைக் கொண்டுவருகிறவர் இன்னார்தாம்’ என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லி வைத்த ஜாபிதாவில் இவன் இருக்கிறானா என்று பார்க்கிறாள். கடிதத்தின் முத்திரை உடைந்திருக்கிறதா என்று தடவுகிறாள். கொண்டுவந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறாள். இவற்றையே எஸ்பிஎஃப் என்றும் டிகேஐஎம் என்றும் ஆன்டி-வைரஸ் என்றும் இவர்கள் சொல்லுகிறார்கள். சந்தேகம் தீராவிட்டால், “வீட்டிலே யாருமில்லை, அப்புறமா வா” என்று பாட்டி அனுப்பிவிடுவதும் பெட்டிக்குத் தெரியும். 451 என்ற எண்ணைச் சொல்லித் திருப்பும். மெய்யான விருந்தாளி அரைமணி கழித்துத் திரும்ப வருவான். ஒரு நாளில் லட்சம் வாசல் ஏறி இறங்க வேண்டிய எத்தனுக்கு இரண்டாம் தடவை வர எங்கே அவகாசம்? 550 என்று சொன்னால் மட்டும் அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதாக அர்த்தம்.

மறுபடி நம்மவரிடம் வருவோம். ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி, கவிழ்த்த மானிட்டர் அட்டைப் பெட்டியை ஆசனமாக்கிக்கொண்டு, மடியில் லேப்டாப்பும் அதிலிருந்து ரேக்குக்கு ஓடும் வெளிர்நீலக் கன்சோல் கேபிளுமாக அமர்ந்திருக்கிறார். புது லேப்டாப்புகளில் அந்தக் கேபிளைச் செருகத் துவாரமே கிடையாது. அதற்கொரு கன்வெர்ட்டர், கன்வெர்ட்டருக்கொரு டிரைவர், டிரைவரை இறக்க இன்டர்நெட், இன்டர்நெட் கிடைக்க அட்மினின் தயவு. எல்லாம் கூடிவந்து, 9600 என்ற புராதன வேகத்தில் திரையில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக நடந்து வரும்போது, அவர் முகத்தில் ஒரு தேஜஸ் பரவும். அன்று முழுவதிலும் அவர் மனம் விட்டு மகிழ்வது ஒரே ஒரு கணத்தில். வைரஸ் சோதனைக்கென்றே நிபுணர்கள் உண்டாக்கி வைத்த, 68 எழுத்துக்கள் கொண்ட, ஒரு தீங்கும் அறியாத ஐகார் என்ற கோப்பைத் தமக்குத் தாமே மெயிலில் அனுப்பி, அது வராமற் போகிறதா என்று காத்திருப்பார், வரவில்லை என்று நிச்சயமானதும், “பார்த்தீங்களா சார், வரல!” என்று குதூகலிப்பார். தாம் எழுதிய கடிதம் சேரவில்லை என்பதற்காக ஆனந்தப்படும் பிராணி உலகத்தில் இவர் ஒருவர்தான்.

மெயிலைப் புதுப் பெட்டி வழியாகத் திருப்பிவிடும் முகூர்த்தம் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வைக்கப்படுகிறது. திருப்பியதும் எதுவும் வராது. ஃபயர்வாலைக் கவனிப்பவர் வேறு கம்பெனிக்காரர், வேறு ஊரில், போனில் இருக்கிறார். “நம்ம பாக்ஸ்ல எல்லாம் கரெக்டா இருக்கு, உங்க ஃபயர்வால்லதான் ட்ராப் ஆகுது” என்று இவர் சொல்ல, “எங்க சைடுல எப்பவோ அலவ் பண்ணியாச்சு, உங்க பாக்ஸைப் பாருங்க” என்று அவர் சொல்ல, இந்தச் சம்வாதம் நள்ளிரவு வரை நீளும். திடீரென்று மெயில் வர ஆரம்பித்துவிடும். யார் எதை மாற்றினார்கள் என்று இருவரும் சொல்ல மாட்டார்கள். அட்மின் காரணம் கேட்டால், நம்மவர் முகத்தை மாற்றாமல், “டிஎன்எஸ் ப்ராபகேஷன் சார், டைம் எடுக்கும்” என்பார். கேட்டவர் வாயை அடைப்பதற்கு அதைவிடச் சிறந்த பதம் அந்தத் தொழிலில் இல்லை.

பெட்டிக்கு உண்மையான பரீட்சை திங்கட்கிழமை காலையில்தான். ஒன்பதரைக்கு அக்கவுண்ட்ஸ் மேடம் நேரில் வருகிறார்.

“தம்பி, ஆடிட்டர் அனுப்பின ஜிப் ஃபைல் வரலையே?”

“வந்தது மேடம். பாக்ஸ் நிறுத்தி வச்சிருக்கு.”

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? இன்னைக்கு ரிட்டர்ன் போடலைன்னா ஃபைன் யார் கட்டறது?”

உடனே ஆடிட்டருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. இனி அவர் பெயரில் எது வந்தாலும் விசாரணை கிடையாது. பதினொரு மணிக்கு சேல்ஸ் மேனேஜர் தம் வாடிக்கையாளர்களின் பட்டியலோடு வருகிறார். எல்லோரும் மிக முக்கியமானவர்கள், எல்லோருக்கும் விலக்கு வேண்டும். எச்ஆர் பகுதிக்கு வேலை கேட்டு வரும் எவருடைய ரெஸ்யூமையும் தடுக்கக் கூடாதாம். மத்தியானம் எம்டி அறையிலிருந்து அழைப்பு. நண்பர் ஒருவர் அனுப்பிய காலை வணக்கப் படம் வரவில்லை. தம்முடைய மெயிலில் எந்த யந்திரமும் கை வைக்கக் கூடாது என்று கட்டளை பிறக்கிறது. மோசக்காரன் கம்பெனிப் பணத்துக்குக் குறி வைத்தால் அவன் வலை வீசுவது எம்டியின் பெயரிலும் அக்கவுண்ட்ஸின் வாசலிலுமே என்பது நம்மவருக்குத் தெரியாததல்ல. வாயைத் திறந்து ஒரு தரம் சொல்லியும் பார்க்கிறார். “அதெல்லாம் எனக்குப் பார்த்தாலே தெரியும்” என்கிறார் எம்டி. நம்மவர் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு சர்வர் ரூமுக்குத் திரும்பி, அந்த முகவரியை விலக்குப் பட்டியலின் முதல் வரியில் சேர்க்கிறார். சாயங்காலத்துக்குள் பாட்டி திண்ணையில் இருக்கிறாள், கொல்லைக் கதவு விரியத் திறந்திருக்கிறது.

எனினும் வேலை முடிந்தது முடிந்ததுதான். சர்வீஸ் ரிப்போர்ட்டை மூன்று பிரதிகளாக எடுத்துக்கொண்டு, கையெழுத்துக்காக அட்மினின் மேஜை முன் நிற்கிறார். ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்ற இடத்தில் ஐந்துக்கு ஐந்து போடும்படி விநயமாகக் கேட்டுக்கொள்கிறார். கையெழுத்து ஆகிறது, கம்பெனி சீல் வேண்டும் என்கிறார். சீல் அட்மினிஸ்ட்ரேஷன் பீரோவில் இருக்கிறது, பீரோச் சாவி வைத்திருப்பவர் அரைநாள் லீவு.

“சீல் எதுக்குப்பா? ‘அப்ரூவ்ட்’னு மெயில்ல போட்டுடறேனே.”

“வேணாம் சார். மெயில்ல வந்தா எங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. யார் வேணாலும் அனுப்பலாம்பாங்க.”

அட்மின் மறு வார்த்தை பேசாமல், சாவிக்காரருக்குப் போன் போட்டார்.