சதோஷிக்காரர்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், தமிழர் கடைத்தெரு என்று வழங்கிவந்த லெபு பசாரிலும் அதைச் சூழ்ந்த சந்துகளிலும் காணக்கிடைக்கும் மனித வகைகளுள் சதோஷிக்காரர் எண்ணிக்கையில் குறைந்தவரே எனினும் ஓசையில் குறைந்தவர் அல்லர். சதோஷி என்பது ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அமையும் ஒரு கூறு. ஒன்றை 320 கூறாக்கி முந்திரி என்றும், அந்த முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றும் பெயரிட்ட முன்னோரின் வழிவந்த தமக்கு இக்கணக்கு பிறவியிலேயே வாய்த்தது என்பது அவர் துணிபு. 1 சென் நாணயத்தைச் சுமப்பதே வீண் என்று 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கக் கூட்டுத்தொகையை 5 சென்னுக்குச் சரிக்கட்டிவரும் நாட்டில், ஒரு சென்னும் பெறாத காசுக்காக அவர் நாள்தோறும் வாதாடுகிறார்.

வாதம் நடைபெறும் இடம் தே தாரிக் கடை. பிளாக்செயின் எனும் பொதுப் பேரேட்டில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு பக்கமே எழுதப்படுவதால் பணம் பதிவாகுமுன் தேநீர் ஆறிவிடும் என்பதையும், அதற்கு மருந்தாகச் சிறு தொகைகளைப் பேரேட்டுக்கு வெளியிலேயே கைமாற்றி முடிவில் மட்டும் கணக்கெழுதும் லைட்னிங் முறை தோன்றியதையும் அவர் விளக்கி முடிக்கையில், கடைக்காரர், “எங்க தாத்தா பற்று நோட்டுன்னு இதத்தான் வெச்சிருந்தாரு அண்ணே” என்பார். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களைச் சட்டமுறைப் பணமாக ஏற்கவில்லை; 2019 ஜனவரி 15இல் நடப்புக்கு வந்த ஆணையோ சந்தையில் விற்று வாங்கப்படும் இத்தகைய நாணயங்களை முதலீட்டுப் பத்திரங்களின் வரிசையில் சேர்த்தது. ஆதலால் நுணுகி நோக்கின், அவர் தேநீருக்கு நீட்டுவது பத்திரத்தில் கிள்ளிய ஒரு நுனி.

நீட்டுவது என்றதும் சற்று மிகையே. 2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இரண்டு பீட்சாவுக்கு ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்த கதையைச் சொல்லும்போதெல்லாம், வீட்டில் எழவு விழுந்தாற்போல் அவர் குரல் தழுதழுக்கும். ஊரார் அனைவரும் சதோஷியைச் செலவழிக்க வேண்டும், தாம் ஒருவர் மட்டும் சேர்க்க வேண்டும் என்பதே அவருடைய பொருளியல். எனவே, அவர் தொல்லை தாளாத கடைப்பையன் ஒருவன் செயலியை இறக்கி, கட்டங்கட்டமான கியூஆர் குறியைக் காட்டி, “அனுப்புங்க அண்ணே” என்று நிற்கும் அரிய நாளில், அவர் கைப்பேசியில் விலையை ஒருமுறை பார்ப்பார். “ஏறிக்கிட்டிருக்கு தம்பி” என்று முணுமுணுத்தபடி சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளித் தாள் இரண்டை எடுத்துக் கொடுத்து, மீதி 20 சென்னை இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொள்வார்.