உயரம் மட்டும் கோல் போடுமா?

கேள்வி: இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் கோல் கோலாகப் போட்டுத் தள்ளியதற்கு அவரின் உயரம்தானே காரணம்?
– ஒரு மாணவி, வந்தாறுமூலை

பதில்: உங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவரை இவ்வளவு சுருக்கலாமா? அவரின் உயரம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்தாட்ட வளையமோ 305இல் நிற்கிறது. மிச்சமுள்ள ஒரு மீற்றரைக் கடக்க மணிக்கட்டில் நிதானம் வேண்டும். பந்து பட்டுத் திரும்ப வளையத்துக்குப் பின்னால் பலகையும் இல்லை. பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். உயரமானவருக்குப் பந்தை எட்டிப் பிடிப்பது சுலபம் என்பது நியாயமே. ஆனால் 2009இல் ஆசியக் கிண்ணம் வென்றபோதும் உயரம் அதேதான். அதே உயரத்தோடு இடையில் அணிக்கு வெளியே இருந்துவிட்டு, 2018இல் திரும்பி மறுபடி வென்றார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்களுடன் எல்லோரையும் முந்தினார். அந்தப் பத்தாண்டில் கால்வேகம் குறைந்திருக்கும், குறி தப்பவில்லையே!